ஸ்டெம் நிதி வருகிறது: பெட்டி வாங்குவதா, ஆசிரியருக்குச் செலவழிப்பதா?

மூன்றாம்மணி:

எல்லோருக்கும் வணக்கம். ஆறிலிருந்து பத்தாம் வகுப்பு வரை அறிவியல் எடுக்கிறேன். ஒரு அறக்கட்டளை எங்கள் பள்ளிக்கு ஸ்டெம் (STEM: அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம்) கல்விக்காக மூன்று வருடம் நிதி தரத் தயாராக இருக்கிறது, ஆனால் அதை வைத்து என்ன செய்யப் போகிறோம் என்று நாங்கள்தான் எழுதிக் கொடுக்க வேண்டும், அதுவும் மூன்று வாரத்துக்குள். தலைமையாசிரியர் வழக்கம்போல "நீங்களே பாத்துக்குங்க டீச்சர்" என்று என் தலையில் கட்டிவிட்டார்.

செய்தி எப்படித்தான் கசிந்ததோ, அதற்குள் ஒரு கம்பெனிக்காரர் வழவழ காகிதத்தில் பட்டியலோடு வந்து உட்கார்ந்துவிட்டார். இருபது ரோபோ பெட்டி, ஒரு முப்பரிமாண பிரின்டர், தொடுதிரைப் பலகை, சுவரில் ராக்கெட் படம். கூடவே ஒரு நாள் ஆசிரியர் பயிற்சி, இலவசமாம். கூட்டிப் பார்த்தால் மொத்த நிதியும் அதிலேயே தீர்ந்துவிடுகிறது, சொல்லிவைத்த மாதிரி.

எனக்கு உறுத்துவது இதுதான். ஆறு வருடம் முன்பு, நான் இந்தப் பள்ளிக்கு வருவதற்கு முன், இதே போலப் பெட்டிகள் வந்திருக்கின்றன. போன வாரம் பீரோவைத் திறந்து பார்த்தேன். இருபதில் பதினேழின் பிளாஸ்டிக் உறையைப் பிரிக்கவே இல்லை. பிரித்த மூன்றிலும் பேட்டரி கசிந்து, செம்பு முனைகளில் பச்சை பூத்துக் கிடக்கிறது, சக்கரத்து ரப்பர் விரலில் பசையாக ஒட்டுகிறது. இப்போது நான் எதைக் கேட்டு எழுதட்டும்?

திருகாணி:

நான் ஆசிரியர் இல்லை, எலக்ட்ரானிக்ஸ் வேலை. சனிக்கிழமைகளில் பள்ளிகளுக்குப் போய்ச் சொல்லிக்கொடுப்பேன். முதலில் அந்த முப்பரிமாண பிரின்டரை அடித்துவிடுங்கள் டீச்சர். ஒரு சின்னச் சாவிக்கொத்து வில்லை அச்சாக அரை மணி நேரம் என்று வையுங்கள், நாற்பது பேர் வகுப்பில் கடைசிப் பிள்ளையின் வில்லை வெளியே வரும்போது இருபது மணி நேரம் ஓடியிருக்கும், அதுவும் நடுவில் எங்கும் சிக்காமல் இருந்தால்.

ஆனால் பெட்டியே வேண்டாம் என்று யாராவது கிளம்பினால் நான் சண்டைக்கு வருவேன். 2016ல் பிபிசி முன்னின்று பிரிட்டனில் ஏழாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு சுமார் 10 லட்சம் மைக்ரோபிட் கொடுத்தார்கள், உள்ளங்கைக்குள் அடங்கும் குட்டிக் கணினிப் பலகை அது. 25 சின்ன விளக்கு, இரண்டு பொத்தான், அசைவை உணரும் சில்லு, சாலிடர் வைக்கவே வேண்டாம், பெட்டியிலிருந்து எடுத்துப் பத்து நிமிடத்தில் தன் பெயரை ஓடவிடலாம். மென்பொருள் பக்கம் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகம் பிள்ளைகளுக்கு நிரல் எழுதப் பழக்குவதற்காகச் செய்த ஸ்கிராட்ச் 2007லிருந்து இலவசமாகவே கிடைக்கிறது. கையில் ஒரு பொருளும் இல்லாமல் அறிவியல் என்றால் அது ஏட்டுச் சுரைக்காய்தான்.

சுண்ணக்கட்டி:

முப்பத்திரண்டு வருடம் பாடம் எடுத்துவிட்டு ஓய்வில் இருப்பவன் நான். பூட்டின பீரோவைப் பார்த்ததும் "ஆசிரியர்கள் சோம்பேறிகள்" என்று எழுதக் கை பரபரக்கும், அதற்கு முன் இருப்புப் பதிவேட்டை ஒருமுறை புரட்டிப் பாருங்கள்.

நான் வேலைக்குச் சேர்ந்த மூன்றாவது வருடம். வெங்காயத் தோலை நுண்ணோக்கியில் பார்க்க ஒரு பையனை விட்டேன். நாற்பது மடங்கு லென்ஸைப் போட்டுக்கொண்டு பெரிய திருகைத் திருப்பிவிட்டான். கண்ணாடி வில்லை நொறுங்கியது, லென்ஸில் கீறல். அந்தப் பையன் அன்றைக்குத்தான் முதன்முதலாக ஒரு செல்லைப் பார்த்தான், "சார், செங்கல் அடுக்கின மாதிரி இருக்கு" என்று கத்தினான், அது இன்றும் காதில் இருக்கிறது. ஆனால் பள்ளிக் கணக்கில் அன்றைக்கு நடந்தது ஒரு லென்ஸ் சேதம். மூன்று விளக்கக் கடிதம் எழுதினேன், லென்ஸ் விலையில் பாதி என் சம்பளத்தில் பிடித்தார்கள். அதற்கப்புறம் அந்த பீரோவை நானே பூட்டினேன். எட்டு வருடம்.

அதனால் டீச்சர், எதை வாங்கினாலும் சரி, உடையும் என்று முன்கூட்டியே எழுதி வாங்கிவிடுங்கள். "ஆண்டுக்குப் பத்தில் ஒரு பங்கு பொருள் பயன்பாட்டில் சேதமாகும், அதை மாற்றத் தனி ஒதுக்கீடு உண்டு, ஆசிரியர் பொறுப்பில்லை" என்று முன்மொழிவிலேயே ஒரு வரி இருக்கட்டும், பள்ளி நிர்வாகத்தின் கையெழுத்தோடு.

எட்டாம்வாய்ப்பாடு:

கணக்கு வாத்தியார் வந்திருக்கிறேன். ஸ்டெம் என்று பேச ஆரம்பித்தால் எங்களை யாரும் கூப்பிடுவதே இல்லை, ஆனால் பெயரில் கடைசி எழுத்து எங்களுடையது. முன்பு அமெரிக்க தேசிய அறிவியல் அறக்கட்டளையில் இதை 'ஸ்மெட்' (SMET) என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்கள், அதில் கணிதம் இரண்டாவது. 2001 வாக்கில் அங்கே இருந்த ஜூடித் ரமாலி எழுத்துகளை மாற்றி அடுக்கி ஸ்டெம் ஆக்கினார், எங்களுக்கு வால் பக்கம் கிடைத்தது. சரி, புலம்பல் போதும்.

திருகாணி சார், பெட்டி நல்லதுதான், நான் மறுக்கவில்லை. ஆனால் பெட்டியை மட்டும் கொடுத்தால் என்ன ஆகும் என்பதைப் பெரிய அளவில் ஒரு நாடு செய்தே பார்த்துவிட்டது. 'ஒரு பிள்ளைக்கு ஒரு லேப்டாப்' திட்டத்தில் பெரு நாடு கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளுக்கு மடிக்கணினி கொடுத்தது. 319 பள்ளிகளை எடுத்துக்கொண்டு, கிடைத்த பள்ளி, கிடைக்காத பள்ளி என்று முறையாக ஒப்பிட்ட ஆய்வு 2012ல் வந்தது. கணினி பிள்ளைகள் கைக்குப் போய்ச் சேர்ந்தது, பயன்பாடும் கூடியது. பொதுவான சிந்தனைத் திறனில் கொஞ்சம் முன்னேற்றம் தெரிந்தது. கணக்கிலும் மொழியிலும் மதிப்பெண் நகர்ந்ததற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. அதை வைத்து வகுப்பில் என்ன செய்வது என்று ஆசிரியருக்குச் சரியாகச் சொல்லிக்கொடுக்காமல் விட்டால் வேறு எப்படி ஆகும்?

வரவுசெலவு:

நான் மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறவன், முன்மொழிவுகளைப் படித்து ஆம், இல்லை சொல்வது என் வேலை. உள்ளதைச் சொல்கிறேன். பொருள் வாங்கித் தருவது எங்களுக்கு வசதி. ஒரே பில், ஒரே நாளில் செலவு முடிந்தது, ரிப்பன் வெட்டிய படம் ஆண்டறிக்கைக்கு ஆயிற்று. ஆசிரியர் பயிற்சி என்றால் படத்தில் பத்துப் பேர் நாற்காலியில் உட்கார்ந்திருப்பார்கள், அவ்வளவுதான். தணிக்கைக்காரரும் "இதில் என்ன வாங்கினீர்கள்?" என்று கேட்பார்.

ஆனாலும் ஆசிரியருக்கான செலவைக் கேட்டு எழுதினால் கிடைக்கும், எழுதுகிற விதத்தில் எழுதினால். "500 மாணவர்கள் பயன்பெறுவர்" என்ற வரியைப் பார்த்தால் நான் பக்கத்தைப் புரட்டிவிடுவேன், எல்லோரும் எழுதுவது அது. "ஏழாம் வகுப்பின் ஒவ்வொரு பிரிவும் ஆண்டுக்கு 12 சோதனைகளைத் தங்கள் கையால் செய்யும், இப்போது செய்வது 2, ஆய்வகப் பதிவேட்டின் நகல் இணைப்பு" என்று எழுதுங்கள். இப்போது எங்கே நிற்கிறீர்கள் என்று கூச்சப்படாமல் சொல்கிற பள்ளியை எனக்கு நம்பத் தோன்றும். உங்கள் பதினேழு பிரிக்காத பெட்டியை ஒளித்து வைக்காதீர்கள் மேடம், முதல் பத்தியிலேயே போடுங்கள்.

இன்னொன்று, நிதியின் நிபந்தனைகளை எழுத உட்காரும் முன்பே படியுங்கள். சில இடத்தில் சம்பளம் கூடாது, ஆனால் மணிக்கணக்கு மதிப்பூதியம் கொடுக்கலாம். சில இடத்தில் ஒரு முறைச் செலவு, தொடர் செலவு என்று பிரித்து விகிதமே வைத்திருப்பார்கள். சந்தேகம் என்றால் போன் போட்டுக் கேளுங்கள். கேட்டதற்காக யாரும் மதிப்பெண் குறைப்பதில்லை, பாதிப் பேர் கேட்பதே இல்லை.

மழைமானி:

நான் வேலைக்கு வந்து நாலு வருடம்தான் ஆகிறது, இயற்பியல். ஒரு நாள் பயிற்சிகள் ஏழெட்டு போயிருக்கிறேன், பையும் பேனாவும் சான்றிதழும் வீட்டில் இருக்கின்றன. மாற்றம் வந்தது வேறு ஒன்றில். ஒரு வருடம் முழுக்க, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, அனுபவமுள்ள ஒரு மேடம் என் வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, அப்புறம் இருபது நிமிடம் பேசிவிட்டுப் போவார்.

முதல் நாள் அவர் என்னிடம் ஒரு பேட்டரி, ஒரு டார்ச் பல்பு, ஒரே ஒரு கம்பி கொடுத்து எரியவிடச் சொன்னார். இரண்டு கம்பி இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு செய்வேன். ஒரே கம்பியில் நாலு நிமிடம் திணறினேன், எம்.எஸ்சி. படித்தவள்! பல்பின் அடிப் புள்ளி பேட்டரியின் ஒரு முனையில் உட்கார வேண்டும், கம்பி பல்பின் பக்கவாட்டு உலோகத்திலிருந்து இன்னொரு முனைக்குப் போக வேண்டும். பல்புக்கு இரண்டு தொடு இடம் என்பதைப் புத்தகத்துப் படத்தில் நூறு தடவை வரைந்திருக்கிறேன், கையால் யோசித்ததே இல்லை. எம்ஐடி பட்டமளிப்பு நாளில் பட்டதாரிகளிடம் இதையே கொடுத்துப் படம் பிடித்திருக்கிறார்கள், அங்கேயும் திணறியவர்கள் உண்டு என்று அப்புறம்தான் தெரிந்தது. மனசுக்குக் கொஞ்சம் ஆறுதல்.

மறுநாள் அதை வகுப்பில் செய்தேன். மேடம் ஒரே ஒரு விஷயம்தான் சொன்னார்: "கேள்வி கேட்டதும் ரெண்டு செகண்டுல நீயே பதில் சொல்லிடுற. மனசுக்குள்ள அஞ்சு எண்ணு." அவ்வளவுதான். இதை எந்தப் பயிற்சி அரங்கிலும் யாரும் எனக்குச் சொல்லியிருக்க முடியாது, என் வகுப்பைப் பார்த்தால்தானே தெரியும்.

திருகாணி:

மழைமானி சொல்வது அழகாக இருக்கிறது, ஆனால் அப்படி ஒருவர் வருடம் முழுக்க வந்துகொண்டிருக்க எந்தப் பள்ளிக்குக் கட்டுப்படியாகும்? நல்ல ஆள் வைத்து இரண்டு நாள் உருப்படியான பயிற்சி போதாதா?

எட்டாம்வாய்ப்பாடு:

போதாது என்றுதான் தோன்றுகிறது. 2007ல் ஆசிரியர் பயிற்சி பற்றிய 1,300க்கும் மேற்பட்ட ஆய்வுகளைச் சலித்தெடுத்து ஒரு அறிக்கை வந்தது. 14 மணி நேரத்துக்கு மேல் நடந்த பயிற்சிகளில் மாணவர் மதிப்பெண்ணில் முன்னேற்றம் தெரிந்தது, அதற்குக் கீழே தெரியவில்லை.

சுண்ணக்கட்டி:

தம்பி, அந்த 1,300ல் தரம் தேறியது ஒன்பதே ஒன்பது. அதையும் சேர்த்துச் சொல்லுங்கள், கணக்கு வாத்தியாராயிற்றே.

எட்டாம்வாய்ப்பாடு:

சொல்ல வந்தேன் ஐயா, நீங்கள் முந்திக்கொண்டீர்கள். ஒன்பதை வைத்து 14 என்பதைச் சட்டமாக ஆக்க முடியாது, உண்மைதான். ஆனால் 2018ல் மேத்யூ கிராஃப்ட் என்ற கல்வி ஆய்வாளரின் குழுவினர் வகுப்பறைப் பயிற்சியாளர் முறையை மட்டும் எடுத்து 60 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள், மழைமானிக்கு நடந்த அதே முறை. கற்பிக்கும் விதத்தில் நல்ல மாற்றம், மாணவர் மதிப்பெண்ணில் அதைவிடச் சின்னதாக ஆனால் தெளிவான மாற்றம். ஒரு எச்சரிக்கையும் அதிலேயே இருக்கிறது: திட்டம் நூறு ஆசிரியருக்கு மேல் பெரிதாகப் பெரிதாகப் பலன் நன்றாகக் குறைந்துபோகிறது. நல்ல பயிற்சியாளர்கள் அத்தனை பேர் எங்கிருந்து கிடைப்பார்கள்? ஒரு பள்ளிக்கு இது பிரச்சினையே இல்லை, மூன்றாம்மணி டீச்சருக்குச் சாதகம்தான்.

மூன்றாம்மணி:

இரண்டு நாளாக இதையெல்லாம் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருக்கிறேன். இப்போது நடைமுறைச் சிக்கல். அறிவியலுக்கு நாங்கள் ஐந்து பேர். எல்லோருக்கும் வாரத்தில் ஓய்வுப் பாடவேளை ஐந்தோ ஆறோ, அதிலும் பாதி, லீவு போட்டவர் வகுப்பைப் பார்த்துக்கொள்ளப் போய்விடும். ஒருவர் வகுப்பை இன்னொருவர் எப்போது போய்ப் பார்ப்பது, எப்போது உட்கார்ந்து பேசுவது? பாடவேளை நாற்பது நிமிடம். பொருளை எடுத்து வைக்கப் பத்து, திரும்ப எண்ணி வாங்கப் பத்து போனால் மிச்சம் இருபது. பெட்டி பிரிக்கப்படாததற்குப் பயத்தோடு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

வரவுசெலவு:

அப்படியானால் அந்த நேரத்தைத்தான் காசு கொடுத்து வாங்க வேண்டும். இரண்டு இனம் சேருங்கள். ஒன்று, வாரத்தில் இத்தனை பாடவேளைக்கு மாற்று ஆசிரியர் மதிப்பூதியம். இன்னொன்று, பகுதிநேர ஆய்வக உதவியாளர், அந்தப் பத்தும் பத்தும் அவர் கையில். கம்பெனிக்காரர் பட்டியலில் இவை இரண்டும் இருக்காது, ஏனென்றால் அவர் விற்கிற பொருள் இல்லை. இரட்டைப் பாடவேளைக்குக் காசே வேண்டாம், தலைமையாசிரியர் கால அட்டவணையில் மாற்றினால் ஆயிற்று, அதைப் பள்ளியின் பங்களிப்பு என்று எழுதுங்கள். பணமாகப் பங்கு போட முடியாத பள்ளி இப்படிக் காட்டலாம்.

மூன்றாம் வருடம் நிதி முடிந்ததும் உதவியாளருக்கு யார் கொடுப்பார்கள் என்று நிச்சயம் கேட்போம். பதில் தயாராக இருக்கட்டும். ஆண்டுக்கு ஆண்டு எங்கள் பங்கு குறைந்து பள்ளியின் பங்கு கூடுகிற மாதிரி காட்டினால் நல்லது.

சுண்ணக்கட்டி:

வெளியாள் கிடைக்கவில்லை என்றால் ஜப்பான்காரர்கள் வழி இருக்கிறது, 'பாட ஆய்வு' என்று சொல்லலாம், நூறு வருடத்துக்கும் மேலாகச் செய்கிறார்கள். நாலைந்து பேர் சேர்ந்து ஒரே ஒரு பாடத்தைத் திட்டமிடுவார்கள், ஒருவர் எடுப்பார், மற்றவர்கள் பின்னால் நின்று ஆசிரியரை விட்டுவிட்டுப் பிள்ளைகளை மட்டும் பார்ப்பார்கள். எந்தப் பிள்ளை எந்த இடத்தில் புருவத்தைச் சுருக்கியது, யார் பக்கத்துப் பையனைப் பார்த்து எழுதியது. அப்புறம் உட்கார்ந்து அந்த ஒரு பாடத்தைத் திருத்துவார்கள். ஐந்து பேருக்கு இது அளவெடுத்துத் தைத்த சட்டை. ஒரு பருவத்துக்கு இரண்டு பாடம் செய்தால் போதும், அதற்கு மேல் ஆசைப்படாதீர்கள்.

மழைமானி:

பின்னால் நின்று பார்க்கும்போது எனக்குத் தெரிந்த ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நாலு பேர் குழுவில் கம்பியும் பேட்டரியும் பையன்கள் கையில் இருக்கும், பெண் பிள்ளைகள் நோட்டில் அழகாகப் படம் வரைந்துகொண்டிருப்பார்கள். குழு முடித்தது என்று நாம் டிக் போட்டுவிடுவோம். இப்போது ஏழு நிமிடத்துக்கு ஒரு மணி அடிக்கிறேன், மணி அடித்தால் நோட்டு கை மாற வேண்டும். முதல் வாரம் ஒரே கூச்சல், இப்போது பழகிவிட்டது.

பொருள் விஷயத்தில் திருகாணி சாரோடு பாதி ஒத்துப்போகிறேன். இயற்பியலாளர் கார்ல் வீமன் நோபல் பரிசு வாங்கிய அடுத்த வருடம், 2002ல், கொலராடோ பல்கலைக்கழகத்தில் தொடங்கிய ஃபெட் பாவனைகள், அதாவது கணினித் திரையிலேயே செய்து பார்க்கும் சோதனைகள், இலவசம், இறக்கி வைத்துக்கொண்டால் இணையமும் வேண்டாம். எலக்ட்ரான் ஓட்டத்தைக் கண்ணுக்குக் காட்ட அதைவிட நல்லது எதையும் நான் பார்க்கவில்லை. ஆனால் உண்மைக் கம்பியைத் தொட்ட பிறகுதான் திரையைக் காட்டுவேன். சுண்ணக்கட்டி ஐயாவுக்கு: ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்து மனு பிரகாஷ் குழு 2014ல் வெளியிட்ட காகித நுண்ணோக்கி தெரியுமா? 140 மடங்கு பெரிதாக்கும், மடித்துப் பையில் போட்டுக்கொள்ளலாம், கிழிந்தால் யாரும் விளக்கக் கடிதம் கேட்க மாட்டார்கள்.

திருகாணி:

நானும் ஒரு உண்மையை ஒத்துக்கொள்கிறேன். போன மாதம் ஒரு வகுப்பில் எல்இடி எரியவிடச் சொன்னேன். ஒன்பது வோல்ட் பேட்டரி, மின்தடை போட மறக்காதீர்கள் என்று பலகையில் கொட்டை எழுத்தில் எழுதினேன். இருபது நிமிடத்தில் பதினொரு எல்இடி போய்விட்டது. எனக்குக் கோபம். அங்கே இருந்த டீச்சர் ஒருவர் அமைதியாகச் செத்துப்போன எல்இடியை எடுத்துப் பிள்ளைகளிடம், "இது ஏன் போச்சு?" என்று கேட்டார். அப்புறம் அவரே பலகையில்: ஒன்பதில் எல்இடிக்கு இரண்டு போக மிச்சம் ஏழு, ஓட வேண்டியது 20 மில்லி ஆம்பியர், வகுத்தால் மின்தடை 350 ஓம், கடையில் கிடைப்பது 330. ஓம் விதி அந்த வகுப்பில் எல்லோருக்கும் அன்றைக்குத்தான் உள்ளே போனது. எட்டாம்வாய்ப்பாடு சார், அது உங்கள் பாடம்தான், கவனியுங்கள். நான் அந்த டீச்சருடைய இடத்தில் இருந்தால் மீதி எல்இடியைப் பிடுங்கிப் பெட்டியில் போட்டிருப்பேன்.

எட்டாம்வாய்ப்பாடு:

கவனித்தேன். பதினொரு எல்இடிக்கு ஒரு ஓம் விதி, மலிவு.

மூன்றாம்மணி:

ஐந்து வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும், தேர்வு நேரம்.

அனுப்பிய கணக்கு இது: நிதியில் பாதிக்கு மேல் மாற்று ஆசிரியர் நேரம், உதவியாளர், மாதம் இரண்டு முறை வெளியிலிருந்து வரும் பயிற்சியாளர். கால் பங்குக்குக் கொஞ்சம் குறைவாக மைக்ரோபிட், காகித நுண்ணோக்கி, பேட்டரி, பல்பு. பத்தில் ஒரு பங்கு உடைவதற்கென்றே. மீதி பயணம், அச்சு, சில்லறைச் செலவு. பிரிக்காத பதினேழு பெட்டியின் படத்தை முதல் பக்கத்தில் வைத்தேன், தலைமையாசிரியர் "மானத்தை வாங்குறீங்களே" என்றார், ஆனால் கையெழுத்துப் போட்டார்.

அறக்கட்டளையிலிருந்து இரண்டு பேர் நேரில் வந்தார்கள். நிறையக் கேட்டது அந்தப் படத்தைப் பற்றித்தான். இரண்டு வருடத்துக்கு ஒப்புதல் வந்திருக்கிறது, மூன்றாவது வருடம் பதிவேட்டைப் பார்த்துவிட்டு முடிவு செய்வார்களாம். உதவியாளர் மதிப்பூதியத்தில் பாதியை வெட்டிவிட்டார்கள், அதனால் அவர் வாரத்தில் மூன்று நாள்தான். உடையும் பங்கை மட்டும் அப்படியே விட்டுவிட்டார்கள் ஐயா, உங்கள் வரியை ஒரு எழுத்து மாற்றாமல் போட்டிருந்தேன்.

பழைய பெட்டிகளில் மோட்டார்கள் எல்லாம் ஓடுகின்றன, சக்கரம்தான் போய்விட்டது. திருகாணி சார், அதை என்ன செய்யலாம்?

திருகாணி:

சக்கரத்தைத் தூக்கிப் போடுங்கள், மோட்டாரைத் தொடாதீர்கள். பாட்டில் மூடி நாற்பது சேர்த்து வைக்கச் சொல்லுங்கள், நடுவில் துளை போட நான் கருவி கொண்டு வருகிறேன். அடுத்த சனிக்கிழமை சரியா? உங்கள் ஐந்து பேரும் இருந்தால் நல்லது, முதலில் நீங்கள் செய்து பாருங்கள், பிள்ளைகள் அதற்கு அடுத்த வாரம்.

மூன்றாம்மணி:

நாலு பேர் வருகிறோம். ஐந்தாமவர் அன்றைக்கு விடைத்தாள் திருத்தப் போகிறார்.